மகனைப் பறிகொடுத்த அம்மாவுக்குக் கோர்ட்டில் எந்த இடம்?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோயம்புத்தூருக்குப் போய்ச் சட்டம் படிக்கிறீர்கள். இன்டர்ன்ஷிப்புக்காகப் பாலக்காட்டில் ஒரு செஷன்ஸ் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தீர்கள். 2022-ல் பதிவான கொலை வழக்கு. செத்துப்போன பையனின் அம்மா, தமிழ் மட்டுமே பேசத் தெரிந்தவர், காலை பத்து மணியிலிருந்து வராந்தாவில் நிற்கிறார். உள்ளே வரப் பார்த்தபோது "நீங்க சாட்சி, கூப்பிடும்போது வந்தா போதும்" என்று அனுப்பிவிட்டார்கள். அரசு வக்கீல் அவரிடம் இரண்டு நிமிஷம் பேசினார், அவ்வளவுதான். எதிர்த்தரப்புக்கோ மூன்று வக்கீல்கள். "வழக்கே அவரோடதுதானே அக்கா, அவருக்குன்னு ஒரு வக்கீல் கிடையாதா, உட்கார ஒரு பெஞ்ச் கூட இல்லையா?" என்று கேட்டிருந்தீர்கள்.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரிலும் பாலக்காட்டிலும் இருபது வருஷத்துக்கு மேல் இரண்டு பக்கமும் நின்று வழக்கு நடத்தியிருக்கிறேன். குற்றம் சாட்டப்பட்டவருக்காகவும் வாதாடியிருக்கிறேன், பாதிக்கப்பட்டவர்களுக்காக அரசு வக்கீலுக்குத் துணையாகவும் நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. வழக்கு அந்த அம்மாவுடையது இல்லை. வழக்குக் கட்டுக்கு மேலே என்ன எழுதியிருந்தது என்று பாருங்கள், ஒரு பக்கம் கேரள அரசு, இன்னொரு பக்கம் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர். கொலை என்பது அந்தக் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்த கேடு இல்லை, ஊருக்கே நேர்ந்தது, அதனால் அரசே வாதியாக நிற்கிறது என்பதுதான் அடிப்படை. பழிவாங்கும் வேலையைக் குடும்பத்தின் கையிலிருந்து பிடுங்கியது நல்ல காரியம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிடுங்கும்போது அந்தக் குடும்பத்தையே கோர்ட்டுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். 1973-ம் வருஷக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 'பாதிக்கப்பட்டவர்' என்றால் யார் என்கிற விளக்கமே 2009 டிசம்பர் 31-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை அந்த அம்மா மாதிரி ஆட்கள் புகார்தாரர், இல்லையென்றால் சாட்சி. இரண்டும் இல்லையென்றால் வேடிக்கை பார்க்க வந்தவர்.

இப்போது அப்படி இல்லை. பாதிக்கப்பட்டவர் வழக்கின் தரப்பும் இல்லை, வெறும் சாட்சியும் இல்லை. வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் அவருக்கென்று ஒரு கதவு திறக்கிறது, கொஞ்ச நேரம் மட்டும். கதவு இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் அவர் உள்ளே வர முடியும். சொல்ல வேண்டியவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை, நம் கோர்ட்டுகளின் பெரிய குறையாக நான் நினைப்பது இதைத்தான்.

முதலில் அரசு வக்கீல். பப்ளிக் பிராசிக்யூட்டர், சுருக்கமாகப் பி.பி. அவர் அந்த அம்மாவின் வக்கீல் இல்லை. அவர் போலீஸின் வக்கீலும் இல்லை, இதைப் பல மாணவர்கள் கடைசி வருஷம் வரைக்கும் குழப்பிக்கொள்கிறார்கள். 1999-ல் சிவகுமார் எதிர் ஹுகம் சந்த் வழக்கில் நம் கேரளத்திலிருந்து போன நீதிபதி கே.டி. தாமஸ் எழுதிய தீர்ப்பைத் தேடிப் படியுங்கள், சின்னத் தீர்ப்புதான். எப்படியாவது தண்டனை வாங்கிவிட வேண்டும் என்கிற வெறி அரசு வக்கீலுக்கு இருக்கக் கூடாது, குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான விஷயம் கண்ணில் பட்டால் அதையும் கோர்ட்டின் முன் வைக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். தனியார் வக்கீல் கையில் செஷன்ஸ் வழக்கைக் கொடுத்தால் இந்த நிதானம் போய்விடும் என்று சொல்லித்தான், செஷன்ஸ் கோர்ட்டில் அரசு வக்கீல் மட்டுமே வழக்கை நடத்த வேண்டும் என்று முடிவு சொன்னார்கள். நான் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் நின்ற நாட்களில் இந்த விதி எவ்வளவு முக்கியம் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் இதைத் தளர்த்த வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். ஆனால் 'உங்க வக்கீல் நான் இல்லைம்மா, ஆனா இந்த வழக்குல இன்னைக்கு என்ன நடக்கப் போகுதுன்னு சொல்றேன்' என்று ஐந்து நிமிஷம் பேசுவதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை.

அப்படியானால் அவருக்கு வக்கீலே கிடையாதா? உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 24(8)-ன் நிபந்தனை வாசகம், அதற்குப் பதிலாக வந்த புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 18(8). கோர்ட் அனுமதியோடு, அரசுத் தரப்புக்குத் துணை செய்யத் தன் விருப்பப்படி ஒரு வக்கீலை அவர் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் பார்த்த வழக்கு 2022-லேயே தொடங்கியதால், 2024 ஜூலை 1-ல் புதிய சட்டம் வந்த பிறகும் அதன் விசாரணை பழைய சட்டப்படிதான் நடக்கும். அதனால் நோட்டில் இரண்டு நம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் சில வருஷத்துக்கு இரண்டும் வேண்டும்.

இந்தத் துணை வக்கீல் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது? 2019 நவம்பரில் ரேகா முரார்கா எதிர் மேற்கு வங்க அரசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது இது: அவர் நேரடியாகச் சாட்சியை விசாரிக்கவோ குறுக்கு விசாரணை செய்யவோ உரிமை கோர முடியாது. கேட்க வேண்டிய கேள்வியை அரசு வக்கீலிடம் சொல்லிக் கேட்க வைக்கலாம். அரசு வக்கீல் ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டார் என்றால் நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டுபோகலாம், நீதிபதி தன் அதிகாரத்தில் கேட்பார். நம் நீதிபதி வெறும் அம்பயர் இல்லை என்பதையும் இங்கே கவனியுங்கள், எந்தச் சாட்சியிடமும் எந்த நேரத்திலும் கேள்வி கேட்கும் அதிகாரம் அவருக்குச் சாட்சியச் சட்டத்திலேயே இருக்கிறது, பழையதில் 165, புதியதில் 168. கடைசியில் சாட்சியம் முடிந்த பிறகு, கோர்ட் அனுமதித்தால் எழுத்து மூலம் வாதம் கொடுக்கலாம். நான் துணையாக நின்ற வழக்குகளில் என் வேலை பெரும்பாலும் துண்டுச் சீட்டில் கேள்வி எழுதிப் பி.பி.யின் மேஜைக்குத் தள்ளுவதுதான். நல்ல பி.பி. என்றால் அதை எடுத்துப் படித்து உடனே கேட்பார். சிலர் சீட்டைப் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிலைமை வேறு. அங்கே பழைய 302, புதிய 339 வழியாக, மாஜிஸ்திரேட் அனுமதி கொடுத்தால் பாதிக்கப்பட்டவரின் வக்கீலே வழக்கை நடத்தலாம். பரீட்சையில், அரசு வக்கீலுக்குத் துணையாக மட்டும் நிற்கச் சொல்லும் 301-ஐயும் இந்த 302-ஐயும் ஒப்பிடச் சொன்னால் இந்த வித்தியாசத்தைத்தான் கேட்கிறார்கள்.

அடுத்தது கதவுகள். எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை, நம் எல்லைப் பக்கத்து ஆட்கள் தவறவிடுகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதல் கதவு ஸ்டேஷன். வேலந்தாவளத்திலோ கோபாலபுரத்திலோ செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் அடிபட்டு, இந்தப் பக்கம் வந்து விழுந்தவரை "அது தமிழ்நாடு லிமிட், பொள்ளாச்சிக்குப் போ" என்று திருப்பி அனுப்புவதும், அங்கே போனால் "வீடு கேரளாதானே" என்பதும் எத்தனை வருஷக் கதை! இப்போது புதிய சட்டத்தின் 173-ம் பிரிவில், குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரை வாங்கிப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று சொல்கிறோமே, அதுதான். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ காசில்லாமல் கொடுக்க வேண்டும். 90 நாளைக்குள் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று போலீஸ் அவருக்குச் சொல்ல வேண்டும், வாட்ஸ்அப்பில் சொன்னாலும் போதும், ஆனால் சொல்ல வேண்டும்.

குற்றப்பத்திரிகை போட்ட பிறகு இன்னொரு விஷயம். புதிய சட்டத்தின் 230-ம் பிரிவில் வழக்கு ஆவணங்களின் நகலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டுமில்லாமல் பாதிக்கப்பட்டவருக்கும் இலவசமாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவருக்கு வக்கீல் இருந்தால்தான். அந்த ஒரு வரிக்காகவே ஆரம்பத்திலேயே வக்காலத்து போட வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். போலீஸ் வழக்கை மூடப் பார்த்தால், அதை ஏற்றுக்கொள்வதற்கு முன் புகார்தாரருக்கு நோட்டீஸ் கொடுத்துக் கேட்க வேண்டும், இது 1985-லேயே பகவந்த் சிங் வழக்கில் வந்தது. அரசே வழக்கை வாபஸ் வாங்க நினைத்தாலும் பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் கோர்ட் அனுமதிக்க முடியாது என்று 360-ல் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள்.

அப்புறம் ஜாமீன். 2022 ஏப்ரலில் ஜக்ஜீத் சிங் எதிர் ஆஷிஷ் மிஸ்ரா வழக்கில், விசாரணை தொடங்கியது முதல் மேல்முறையீடு முடியும் வரைக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் தன் பேச்சைக் கேட்கச் செய்யும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு என்று சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொன்னது. உத்தரப் பிரதேசத்து லக்கிம்பூர் கேரியில் விவசாயிகள் கார் ஏற்றிக் கொல்லப்பட்ட வழக்கு அது. குடும்பத்தாரை ஹைகோர்ட் சரியாகக் கேட்கவில்லை என்பது, கொடுத்த ஜாமீனை ரத்து செய்ததற்கு ஒரு முக்கியக் காரணமாக இருந்தது.

இது டெல்லி விஷயம், நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். ஆனைக்கட்டியைத் தாண்டினால் அட்டப்பாடி. 2018 பிப்ரவரி 22-ல் அரிசி திருடினான் என்று சொல்லி மது என்கிற பழங்குடி இளைஞரைக் கட்டிவைத்து அடித்துக் கொன்றார்கள். விசாரணை மண்ணார்க்காடு ஸ்பெஷல் கோர்ட்டில் நடந்தது. இருபதுக்கும் மேற்பட்ட சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகப் பிறழ்ந்தார்கள். அந்த நேரத்தில் வழக்கைக் கீழே விழாமல் தாங்கிப் பிடித்தவர்கள் மதுவின் தாயும் சகோதரியும்தான். அரசு வக்கீல் மேல் நம்பிக்கை இல்லை, மாற்றுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார்கள், வக்கீல் மாறினார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் சாட்சிகளைக் கலைக்கிறார்கள் என்று 2022 ஆகஸ்டில் 12 பேரின் ஜாமீனை விசாரணைக் கோர்ட்டே ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் 16 பேரில் 14 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவை நீங்கள் வகுப்பில் மனப்பாடம் செய்திருப்பீர்கள், ஜாமீன் மனு உட்பட எல்லா நடவடிக்கைக்கும் பாதிக்கப்பட்டவருக்கு நோட்டீஸ், கேட்கப்படும் உரிமை என்றெல்லாம். அந்தப் பிரிவுக்கு உயிர் கொடுக்கிறது என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால், மலையிலிருந்து இறங்கி மண்ணார்க்காட்டுக்கு வாய்தாவுக்கு வாய்தா வந்த அந்த இரண்டு பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒரு விஷயம். பாஷை. நம் பக்கத்துக்கு இதுதான் ரொம்ப முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

ஒரு தோட்டத் தொழிலாளி அம்மா, மண்வெட்டிக் காம்பால் தலையில் அடிபட்டவர். ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறி, "களத்துல மயங்கிக் கிடந்தேங்க, கண்ணத் திறந்து பாத்தா அவன்தான் காம்போட நின்னுட்டிருந்தான்" என்று தமிழில் சொன்னார். அங்கே எல்லோருக்கும் தமிழ் புரியும், அதனால் மொழிபெயர்ப்பாளர் யாரும் தேவைப்படவில்லை. வாக்குமூலம் மலையாளத்தில் பதிவானது, 'மயங்கிக் கிடந்தேன்' என்று அப்படியே. நமக்கு மயங்கினால் நினைவு தப்பியது. மலையாளத்தில் மயங்கினால் கண் அசந்து தூங்கியது. நினைவு தப்பியதற்கு அவர்கள் 'போதம் போயி' என்பார்கள். படித்துக் காட்டும்போது அந்த அம்மா காதில் தன் சொல்லேதான் விழுந்தது, சரிங்க என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். வாதத்தின்போது எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, இவர் களத்தில் தூங்கிக்கொண்டிருந்தார், யார் அடித்தார்கள் என்று பார்க்கவே இல்லை, முழித்தபோது பக்கத்தில் நின்றவரைச் சொல்கிறார் என்று வாதாடினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பதிவில் இருப்பதை வைத்து வாதாடுவது அவர் கடமை. நான் துணை வக்கீல். ஏ.பி.பி.யிடம், அதாவது அங்கே வழக்கு நடத்தும் உதவி அரசு வக்கீலிடம் சொல்லி, சாட்சியைத் திரும்பக் கூப்பிடும் மனுப் போடவைத்தோம், பழைய 311, இப்போது 348. மாஜிஸ்திரேட் அவரைத் திரும்ப ஏற்றி, "போதம் உண்டாயிருந்தோ?", நினைவு இருந்ததா என்று தானே கேட்டார். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு நெனப்பே இல்லீங்கய்யா, ரத்தம் கண்ணுக்குள்ள போயி எரிஞ்சப்பத்தான் முழிச்சேன்" என்றார். ஒரு சொல், அதைச் சரி செய்ய மூன்று வாய்தா.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. சாட்சி கோர்ட் பாஷை அல்லாத பாஷையில் பேசினால், முடிந்தால் அந்த பாஷையிலேயே எழுத வேண்டும், முடியாவிட்டால் சரியான மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும், பழைய 277, புதிய 312. படித்துக் காட்டும்போது சாட்சிக்குப் புரிகிற பாஷையில் விளக்க வேண்டும், 278, புதியதில் 313. சித்தூர் தாலுகா மொழிச் சிறுபான்மைப் பகுதி என்பதால் இங்கே அரசு அலுவலகங்களோடு தமிழில் எழுதிப் பதில் வாங்கவும் உரிமை உண்டு, கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 அதைச் சொல்கிறது. எல்லோருக்கும் இரண்டு பாஷையும் புரியும் என்கிற ஊரில்தான் பாஷை அதிகம் ஏமாற்றுகிறது. நீங்கள் பிராக்டிஸுக்கு வரும்போது டெபோசிஷன், அதாவது சாட்சியின் வாக்குமூலம் படித்துக் காட்டும் நேரத்தில் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

குழந்தைகள் என்றால் ஏற்பாடு இன்னும் கவனமானது. போக்ஸோ, அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்கில் இரண்டு தரப்பு வக்கீலும் குழந்தையிடம் நேரடியாகக் கேட்கக் கூடாது, கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், அவர்தான் கேட்பார். குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது. குடும்பம் தன் பக்கம் ஒரு வக்கீலை வைத்துக்கொள்ள 40-ம் பிரிவு இருக்கிறது.

தீர்ப்பு வந்த பிறகு? விடுதலை என்றாலோ, சின்னக் குற்றத்துக்கு மட்டும் தண்டனை என்றாலோ, நஷ்டஈடு போதாது என்றாலோ பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம், பழைய 372-ன் நிபந்தனை, புதிய 413. அதற்கு ஹைகோர்ட்டின் முன் அனுமதி தேவையில்லை என்று 2018 அக்டோபரில் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. ஆனால் தண்டனைக் காலம் குறைவு என்பதற்காக மட்டும் அவர் மேல்முறையீடு போக முடியாது, 2020-ல் பர்விந்தர் கன்சால் வழக்கு. அது அரசின் கையில்தான் இருக்கிறது. ஏழு வருஷம் போதாது என்று நினைக்கும் தாய், அரசு மேல்முறையீடு செய்யுமா என்று காத்துக்கொண்டிருக்க வேண்டியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, இதைச் சட்டம் திருத்த வேண்டும்.

நஷ்டஈட்டுக்குக் குற்றவாளி பிடிபட வேண்டும் என்றில்லை. பழைய 357ஏ, புதிய 396-ன்படி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்கு மனுப் போடலாம், இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். தீர்ப்பு எழுதும் நீதிபதியும் நஷ்டஈடு பற்றி யோசித்து, கொடுப்பதற்கோ மறுப்பதற்கோ காரணம் எழுத வேண்டும் என்று 2013-ல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கிலேயே சொல்லிவிட்டார்கள்.

சரி, அந்த வராந்தா அம்மாவுக்கு வருகிறேன். அவரை வெளியே நிறுத்தியதில் ஒரு நியாயம் இருக்கிறது, மற்றச் சாட்சிகள் சொல்வதைக் கேட்டுவிட்டுச் சாட்சி சொன்னார் என்று குறுக்கு விசாரணையில் பிடித்துக்கொள்வார்கள், அது அவருக்கே கெடுதல். ஆனால் அவர் சாட்சி சொல்லி முடித்து இறங்கிவிட்டால் அந்தக் காரணம் தீர்ந்தது, அதற்கப்புறம் திறந்த கோர்ட்டில் எல்லோரையும் போல அவரும் உட்காரலாம். யாராவது எழுப்பினால், 'என் சாட்சி முடிஞ்சுதுங்க' என்று சொல்லச் சொல்லுங்கள். அடுத்த வாய்தாவுக்கு நீங்கள் போவீர்கள் என்றால் அவரைத் தாலுகா சட்டப் பணிகள் கமிட்டிக்குக் கூட்டிப் போங்கள். 1987-ம் வருஷச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவில் பெண் என்கிற ஒரே காரணம் போதும், வருமானச் சான்றிதழ் எதுவும் வேண்டாம், இலவசமாக வக்கீல் தருவார்கள். அந்த வக்கீல் 24(8)-ல் அனுமதி மனுப் போடட்டும். ஆதார் நகலும் எஃப்.ஐ.ஆர். நம்பரும் கையில் இருந்தால் போதும். அவர் இன்னும் சாட்சி சொல்லவில்லை என்றால், தமிழில்தான் சொல்வேன், தமிழில் படித்துக் காட்டுங்கள் என்று கூண்டில் ஏறியதும் முதலில் சொல்லச் சொல்லுங்கள்.